ஐந்தரை மணி புல் நேரம்

நாவற்குடா,
மட்டக்களப்பு.

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து உன் நியாயத்தைப் பேசத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் கூட்டாளி லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறானாம், கஜுப் பொட்டலத்தோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

இங்கே கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பகலில் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. மச்சாள் தையல் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறரை தாண்டுகிறது. பள்ளி விட்டதும் உன் சின்னவள் என்னோடுதான். அத்தான் வழக்கம்போல வயலும் சைக்கிளுமாகத் திரிகிறார்.

போன கிழமை நீ மச்சாளிடம் ஒன்று சொன்னாயாம். "பிள்ளை என்ட போனை எடுக்கிறாளில்லை. அந்தக் கினிப்பிக் ரெண்டையும் ஆருக்காவது குடுத்திரு" என்று. ஏன் ராசா, போன லீவில் வந்தபோது அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த அதுகளை வாங்கிக் கொடுத்தது நீதானே? நல்லவேளை, நீ சொன்னது சின்னவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

விஷயம் இதுதான். நீ எடுப்பது இங்கே ஐந்தரைக்கு. உனக்கு அது மூன்று மணித் தேத்தண்ணி இடைவேளை. அவளுக்கு அது கினிப்பிக் இரண்டையும், சீனியையும் கட்டையனையும், வெளியே விடுகிற நேரம். ஏன் அந்த நேரம் என்று கேள். இதுகளின் பூர்வீகம் பெரு நாட்டுப் பக்கத்து மலை. குளிருக்குப் பழகின சாதி, வேர்க்கவும் தெரியாது. முப்பது பாகைக்கு மேல் சூடு ஏறினால் சுருண்டுவிடும், செத்தும் போகும். வெயில் வாவிக்கு அந்தப் பக்கம் சாய்ந்த பிறகுதான் முற்றத்தில் நிழல் விழும். இருட்டினால் பூனை வந்துவிடும். இடையில் கிடைப்பது முக்கால் மணித்தியாலம். நீயும் அதே நேரத்துக்குத்தான் எடுக்கிறாய்.

அவள் செய்கிற ஒழுங்கை நீ ஒருதரம் பார்க்க வேண்டும். சுற்றிவரக் கம்பி வலை, மேலே அத்தானின் பழைய மீன்வலை. காகத்துக்கும், வாவிக்கரையால் ஏறி வருகிற கபரக்கொய்யாவுக்கும் பயந்துதான் அந்தக் கூரை. உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மட்டைப்பெட்டி, சட்டியில் தண்ணீர். விடுவதற்கு முதல் கை நிறையக் காய்ந்த புல் போடுவாள். அதில் பாதி வயிறு நிரம்பினால்தான் பச்சைப் புல்லில் அவதிப்பட்டு விழாதாம். ஒரேயடியாகப் பச்சையைத் தின்றால் வயிறு ஊதிவிடும், வாந்தி எடுக்கவும் அதுகளால் முடியாது. பிறகு அறுகம்புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் எனக்குக் குசினி வரைக்கும் கேட்கும். கட்டையன் சந்தோசம் வந்தால் நின்ற நிலையில் துள்ளுவான். போன் அடித்தால் இரண்டும் பெட்டிக்குள் ஓடி விறைத்துப்போய்க் கிடக்கும். அதனால்தான் அவள் போனை வீட்டுக்குள்ளே வைத்துவிட்டுப் போகிறாள். உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

நீ அனுப்பின நிறம் நிறமான தீன் பொட்டலத்தை நான் எடுத்து மேலே வைத்துவிட்டேன். விதையும் இனிப்பும் கொழுக்கத்தான் உதவும். இதுகளின் பல்லு சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். போன மாதம் சீனி தின்னாமல் கிடந்தபோது மிருக வைத்தியர் சொன்னது இது. அத்தான் பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கப் புறப்பட்டார். "ஐயோ வேண்டாம், இதுகளுக்கு அது நஞ்சு, குடல் கெட்டுவிடும்" என்று டொக்டர் மறித்துவிட்டார். பல்லைச் சீர்செய்த பிறகு இப்போது நன்றாகத் தின்கிறது.

வெளிநாட்டில் கொடுக்கிற திமோத்திப் புல் குளிர் நாட்டுப் பயிர். இங்கே பொட்டலமாக வாங்கிக் கட்டுப்படியாகாது. வைக்கோல் எவ்வளவும் கிடைக்கும், ஆனால் அதில் சத்துக் குறைவு, கீழே படுக்கையாகத்தான் விரிக்கிறோம். அதனால் வேலியோரத்துக் கினிப்புல்லைப் பூ வருவதற்கு முன்பே தாக்கத்தியால் அரிந்து விறாந்தை நிழலில் பரப்புகிறோம். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, நொறுங்குகிற பதம் வந்தபின் சாக்கில் கட்டுகிறோம். நிறம் பச்சையாகவே நிற்கும், வாசமும் போகாது. கார்த்திகை மழைக்கு முன்பு நாலைந்து சாக்காவது சேர்க்க வேண்டும். காய்ந்த புல் மழையில் பூஞ்சணம் பிடித்தால் அவ்வளவுதான்.

நம்மைப் போலவே இதுகளின் உடம்பும் விற்றமின் சி-யைத் தானாக உண்டாக்காதாம். அதற்குத் தினமும் ஒரு துண்டுக் கொய்யாப்பழம், இடைக்கிடை கொஞ்சம் முருங்கை இலை.

ஒரு நாள் அத்தான் உன்னிச்சைப் பக்கம் போய் வரம்புப் புல் ஒரு கட்டு கொண்டுவந்தார். சிறுபோகத்துக்குப் பூச்சி எண்ணெய் அடிக்கிற காலம். சின்னவள் வாசலிலேயே மறித்து, "மாமா, எண்ணெய் அடிச்ச புல் என்ட வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள். மாமனும் மருமகளும் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பி, நீ போன புதிதில் இந்தப் பிள்ளை கேட்டதற்கு ஓம், இல்லை என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. உனக்குச் சொன்னால் அங்கே கிடந்து மனம் வருந்துவாய் என்று மறைத்தேன். இப்போதுதான் சண்டை போடுகிற அளவுக்குத் தேறி வந்திருக்கிறாள். அதுகளைக் கொடுக்கச் சொல்லி நீ இன்னொரு முறை வாய் திறந்தால் நான்தான் உன்னோடு கதைக்க மாட்டேன்.

இனி நமது ஏழரைக்கு எடு. உனக்கு ஐந்து மணி, வேலையும் முடிந்திருக்கும். எடுத்ததும் சோதனைப் புள்ளியைக் கேட்காதே. புல் எத்தனை சாக்குச் சேர்ந்தது என்று கேள், மறுகா அவளாகவே எல்லாம் சொல்லுவாள். அடுத்த மாதம் காசு அனுப்பும்போது கம்பி வலைக்கும் கொஞ்சம் சேர்த்து அனுப்பு. இருக்கிற வலை உப்புக் காற்றில் துருப்பிடித்துவிட்டது. தீன் பொட்டலம் மட்டும் அனுப்பாதே.

அன்புடன்,
அக்கா

பி.கு.: கஜு அறையில் இருக்கிற எல்லோருக்கும்தான். போன முறை போல கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்காதே.