வாசலில் நிற்பவர்கள்

வியன்னாவில் இறங்கிய இரண்டாம் நாளே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்துப் பார்த்தே வந்த வலி. பழைய கோட்டைச் சுவரை இடித்த இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் போட்ட ரிங் சாலை நெடுகக் கல்லில் பெண்கள். வாசல் தூணாக ஒருத்தி, மாடத்தடியில் ஒருத்தி, கூரை விளிம்பில் கையில் மாலையோடு ஒருத்தி. தலையால் மேல்தளத்தைத் தாங்கும் இந்தப் பெண்களைக் கட்டடக் கலையில் கேரியாடிட் என்பார்கள். எனக்கு நம் பாவை விளக்குதான் நினைவுக்கு வந்தது. அவள் அகலை ஏந்துகிறாள், இவள் கட்டடத்தையே ஏந்துகிறாள்.

"எத்தனை பொம்பளைங்கடி இந்த ஊர்ல!" என்றேன்.

"கல்லுலதானே பெரியம்மா. கீழ பாத்து நடங்க, டிராம் வருது" என்றாள் தங்கை மகள். அங்கே முதுகலை படிக்கிறாள். அந்த ஒரு வாரமும் எனக்கு வழிகாட்டி அவள்தான்.

நாடாளுமன்றத்தின் முன்னால் வெகுநேரம் நின்றோம். தியோஃபில் ஹான்சன் வடிவமைத்து 1883இல் முடிந்த கிரேக்க பாணிக் கட்டடம். எதிரே நீரூற்றின் உச்சியில் அறிவுத் தெய்வம் அதீனா, பொன் பூசிய தலைக்கவசமும் கையில் ஈட்டியுமாக நிற்கிறாள். காலடியில் நதிகள் மனித உருவில் சாய்ந்திருக்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவளை அங்கே நிறுத்திய ஆண்டு 1902. அப்போது அந்த நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை இல்லை. 1867ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அயல்நாட்டார், பெண்கள், சிறார் என்று மூவரையும் ஒரே வரிசையில் வைத்து, அரசியல் சங்கங்களில் உறுப்பினராகக் கூடாது என்று விலக்கியிருந்தது. வாக்குரிமை வந்தது 1918 நவம்பரில். அடுத்த ஆண்டு மார்ச்சில் எட்டுப் பெண்கள் உறுப்பினர்களாக உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் அடெல்ஹைட் பாப், சிறுமியாகத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். அந்த அவையில் முதலில் பேசிய பெண்ணும் அவரே. அவர்கள் உள்ளே போகும்வரை பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அதீனா வெளியே வெயிலிலும் பனியிலும் நின்றிருக்கிறாள்.

அதே ஹான்சன் கட்டியதுதான் மூசிக்ஃபெரைன் இசையரங்கும். ஆண்டுதோறும் புத்தாண்டுக் கச்சேரியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பொன் மண்டபம் இங்கேதான் இருக்கிறது. 1870இல் திறந்தது. இரு பக்கமும் பொன்னிறப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதலில் முன்னால் நின்றவர்களை, பார்வையாளருக்கு மறைக்கிறது என்று 1911இல் சுவரோரமாகத் தள்ளி வைத்தார்களாம். சிலையாக நின்றாலும் யாருக்காவது மறைக்கத்தான் செய்கிறது! இங்கே வாசிக்கும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்ணை முறையான உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1997இல். அந்தப் பெண், யாழ் போன்ற ஹார்ப்பை வாசித்த அன்னா லெல்கெஸ், அதற்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களோடு வாசித்துக்கொண்டிருந்தவர். வாசிப்பு வேண்டியிருந்தது, பெயர் வேண்டியிருக்கவில்லை.

அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை, கூச்சமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கல்லூரிக் கருத்தரங்குகளில் எனக்குத் தந்த பொறுப்பு வரவேற்பு. பட்டுப்புடவை, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அதே செம்பு. உள்ளே தமிழ்த்தாய் படத்துக்கு மாலை போட்டு, மேடையில் ஆறேழு ஆண்கள் அமர்ந்து பெண்பாற் புலவர்களின் பெருமையைப் பேசுவார்கள். வாசலில் நின்றபடி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருப்பேன். இதைப் பலமுறை பல பேரிடம் ஆற்றாமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று உண்டு. நான் மூத்தவளான பிறகு அந்தச் செம்பைக் கீழே வைக்கவில்லை, மாணவிகள் கையில் கொடுத்தேன். "நல்லா சிரிச்ச முகமா நில்லுங்கடி" என்று சொல்லியும் கொடுத்தேன்.

கடைசி நாள் பல்கலைக்கழகம் போனோம். நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் அறிஞர்களின் மார்பளவுச் சிலைகள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள். நெடுங்காலம் அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணுக்கு, எழுத்தாளர் மேரி ஃபொன் எப்னர்-எஷன்பாகுக்கு மட்டும், ஒரு நினைவுப் பலகை இருந்தது. முற்றத்தின் மையத்தில் பெயர் பெற்ற பெண் யார் என்றால் கஸ்டாலியா, நீரூற்றின் தேவதை. 2009இல் இரிஸ் அந்த்ராஷெக் என்ற கலைஞர் அவளுக்கு ஒரு நிழல் கொடுத்தார். தரையில் பதித்த கரிய நிழல், கையை உயர்த்தி நிற்கிறது. தேவதை அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், நிழல் மட்டும் எழுந்துவிட்டது.

2016இல்தான் ஏழு பெண் அறிஞர்களின் நினைவுச் சின்னங்கள் தாழ்வாரத்துக்கு வந்தன. இயற்பியலாளர் லிசா மைட்னரை எல்லோரும் தேடிப் பார்க்கிறார்கள். நான் நின்றது எலிசே ரிச்சரிடம். என்னைப் போல மொழி படித்தவர், ரோமானிய மொழிகளின் ஆய்வாளர். 1865இல் பிறந்தவர். இந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவு திறந்த 1897இல்தான் பள்ளி இறுதித் தேர்வையே எழுத முடிந்தது, வயது முப்பத்திரண்டு. 1907இல் இங்கே கற்பிக்கும் உரிமை பெற்ற முதல் பெண் ஆனார். முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை தரப்படவில்லை. யூதர் என்பதால் 1938இல் வெளியேற்றினார்கள். தானும் தமக்கை ஹெலனேவும் சேர்த்த நூலகத்தை நெருக்கடியில் விற்க வேண்டி வந்தது. 1942இல் இருவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார் எலிசே. சிலைக்கு முன்னால் நின்றபோது அந்த நூலகம்தான் மனத்தில் ஓடியது. அட்டை அட்டையாக எழுதிய குறிப்புகள் யார் கைக்குப் போயிருக்கும்?

கைபேசி அதிர்ந்தது. துறைக் குழுவில் செய்தி. அடுத்த மாதக் கருத்தரங்கு, வரவேற்புக்கு ஆறு மாணவிகளின் பெயர் வேண்டுமாம். "மேடம் வழக்கம்போல நீங்களே தேர்வு செய்துவிடுங்கள்."

இந்த முறை செம்பைத் துறைத்தலைவர் ஐயாவே பிடிக்கட்டுமே என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை. பிறகு எழுதினேன்: "சந்தனத்தையும் பன்னீரையும் மேசைமேல் வைத்துவிடலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். மாணவிகள் முதல் அமர்விலிருந்தே உள்ளே உட்காரட்டும். அவர்களில் இருவர் கட்டுரை வாசிக்கத் தயாராக இருக்கிறார்கள், தலைப்புகளை இன்று இரவு அனுப்புகிறேன்."

இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.

"யாரு பெரியம்மா?"

"காலேஜ்" என்றேன். உண்மையில் எந்த இருவர் தயாராக இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. டிராமில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிடத் தொடங்கினேன்.