மேகத்திலிருந்து கடல்வரை: ரீயூனியன் எரிமலைத் தீவில் ஒரு சைக்கிள் இறக்கம்

சான் போல் கடற்கரையில் வேனில் ஏறியபோது டி-சட்டை போதுமாக இருந்தது. பின்னால் இழுவண்டியில் எட்டு சைக்கிள்கள். உள்ளே தூக்கக் கலக்கத்தில் எட்டுப் பேர். வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஏறி, மாயிடோ உச்சியில் கதவைத் திறந்தபோது பற்கள் தந்தியடித்தன. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். நம் கேமரன் மலையின் பிரின்சாங் சிகரமே 2,000 மீட்டர் சொச்சம்தான். இங்கிருந்து, கிளம்பி வந்த அதே கடற்கரைக்குச் சைக்கிளில் இறங்க வேண்டும். தார்ச்சாலையில் அல்ல; பாறையும் வேரும் சேறும் கரும்புக்காடுமான பாதையில்.

“வேன் இன்னும் கிளம்பல. அதிலேயே இறங்கிடலாமா?” என்று மனைவியிடம் கேட்டேன், பாதி விளையாட்டாக. அவள் அதற்குள் முழங்கால் காப்பை மாட்டி முடித்திருந்தாள்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்த நாள்களில் பலரைப் போல நாங்களும் சைக்கிள் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் கியாரா காட்டுப் பாதைகளில் பழகினோம். நான் பழகினேன், அவள் தேர்ந்தாள். பத்தாவது திருமண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, “ரீயூனியன்” என்று அவள் சொன்னதும் அதனால்தான். ஆறு வயது மகளைக் கிள்ளானில் அம்மாவிடம் விட்டுவிட்டு, மொரீஷியஸ் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

மலைகளே தீவு

மொரீஷியஸுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கிறது ரீயூனியன். பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மூன்று சிங்கப்பூரைவிடச் சற்றுப் பெரிது. ஆப்பிரிக்காவுக்கு அருகில் இருந்தாலும், 1946 முதல் இது பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். செலவழிப்பது யூரோ, வாங்குவது பிரெஞ்சு ரொட்டி.

கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகள்தான் இந்தத் தீவு. நடுவில் நிற்கும் பித்தோன் டெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர்; பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. தென்கிழக்கில் உள்ள பித்தோன் டி லா ஃபூர்னேஸ் இன்னும் அடங்கவில்லை. உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. பழைய எரிமலையைச் சுற்றி மழையும் நிலச்சரிவும் குடைந்தெடுத்த மூன்று பெரும் பள்ளங்கள் இருக்கின்றன. இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் செங்குத்துச் சுவர்களையும் 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அந்தப் பள்ளங்களில் ஒன்றான மஃபாத்தின் விளிம்புதான் மாயிடோ. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். கீழே, வெகு கீழே, தீப்பெட்டிகளைப் போலச் சில கூரைகள். அங்கே சில நூறு பேர் வாழ்கிறார்கள். ஆனால் சாலையே கிடையாது. நடந்துதான் போக வேண்டும். அரிசி மூட்டை முதல் கேஸ் தோம்புவரை ஹெலிகாப்டரில் இறங்குகிறது. முன்பு தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. அப்படி ஓடிவந்த தலைவர் ஒருவரின் பெயரைத்தான் அந்தப் பள்ளம் தாங்கி நிற்கிறது.

“எட்டரைக்குள் கிளம்ப வேண்டும்,” என்றார் எங்கள் வழிகாட்டி. காலையில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் மலை, பத்து மணிக்கெல்லாம் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளுமாம். பிறகு முன்னால் போகும் சைக்கிளே தெரியாது.

முன் பிரேக் எது?

கிளம்பும் முன் பத்து நிமிடப் பாடம். சீட்டைக் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்கத்தில் உட்காருவதே இல்லை. இரண்டு பெடலும் சம உயரத்தில் இருக்க நின்றுகொண்டு, முழங்கால், முழங்கை இரண்டையும் தளர்வாக மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். செங்குத்தான இடத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பார்வை சக்கரத்தில் அல்ல, பத்து மீட்டர் முன்னால். பிரேக்குக்கு ஒரு விரல் போதும். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் தகடு சூடேறி, பிடி தளர்ந்துவிடும். ஆகவே வேருக்கும் பாறைக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அவற்றின் மேல் போகும்போது விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னார்: “இங்கே இடது கைப்பிடிதான் முன் பிரேக்.”

நம் ஊரில் என் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வலது கைதான் முன் பிரேக். தலையாட்டினேன். தலை கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை.

முதல் பகுதி உயரமில்லாத புதர்க்காடு. தீக்குழம்பு ஓடி உறைந்த கரும்பாறை, படி படியாக இறங்குகிறது. ஈரமில்லாத இடத்தில் அது டயரை உப்புத்தாள்போல் பற்றிக்கொள்கிறது. பயப்படத் தேவையில்லை என்று மெல்ல நம்பிக்கை வந்தது. மாயிடோ என்றால் மடகாஸ்கர் மொழியில் ‘கருகிய நிலம்’ என்கிறார்கள். 2010-லும் 2011-லும் பெருந்தீ இந்தச் சரிவுகளைத் தின்றது. இன்றும் சில இடங்களில் வெளுத்த மரக்கட்டைகள் எலும்பைப் போல நிற்கின்றன. அவற்றின் காலடியில் புதிய பச்சை.

அடுத்து ‘தமரேன்’ காடு. பெயரைக் கேட்டால் புளியமரம் என்று தோன்றும். இலை அப்படி இருப்பதால் வந்த பெயர். உண்மையில் அது இந்தத் தீவுக்கே உரிய வேல மர இனம். புயலில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே மறுபடி நிமிர்ந்து வளர்ந்த மரங்கள். கிளைகளில் பாசி தொங்குகிறது. மண் கறுத்து, ஈரமாகி, வேர்கள் பாம்புகளாகக் குறுக்கே கிடந்தன.

அங்கேதான் விழுந்தேன். சரிவு திடீரென்று செங்குத்தானது. பின் பிரேக்கை மெல்லப் பிடிப்பதாக நினைத்து இடது கையை இறுக்கினேன். முன் சக்கரம் வேரில் நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, ஈர மண்ணில் தோளும் ஹெல்மெட்டும் மோத விழுந்தேன்.

வழிகாட்டி ஓடிவந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தார், விரல்களை அசைக்கச் சொன்னார், என்ன கிழமை என்று கேட்டார். மணிக்கட்டில் வலி, வேறொன்றுமில்லை. மனைவியின் முகம்தான் வெளுத்திருந்தது. வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“முடியலன்னா அடுத்த ஊர்ல வேன் இருக்குங்க. முடியும்னா, கஷ்டமான இடத்துல இறங்கி நடங்க. இங்க யாரும் மார்க் போட வரல,” என்றாள்.

அந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டது. இந்தச் சரிவில் பல ஆண்டுகள் ‘மெகாவலாஞ்ச்’ என்ற போட்டி நடந்திருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் உச்சியில் ஒன்றாகக் கிளம்பி, கடல் நோக்கிப் பாய்வார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். இடது கையில் ஒரு நாடாவைச் சுற்றிக்கொண்டேன், முன் பிரேக் எது என்று மறக்காமலிருக்க. அதன்பிறகு நான்கு இடங்களில் இறங்கி நடந்தேன். நடந்த இடங்களில்தான் காட்டை நன்றாகப் பார்த்தேன்.

கரும்புக்குள்ளே

காடு முடிந்ததும் ‘பெத்தித் பிரான்ஸ்’ என்ற சிற்றூர். ஜெரேனியம் இலைகளைக் காய்ச்சி வாசனை எண்ணெய் எடுக்கும் ஊர் இது. மதிய உணவுக்கு இன்னும் சற்றுக் கீழே, சாலையோரத் தகரக் கூரைக் கடை ஒன்றில் நிறுத்தினோம்.

தட்டில் வந்தது சோறு, ஆட்டுக்கறி, கீரை, தக்காளியும் மிளகாயும் நசுக்கிய ஒரு துவையல். கறிக்குப் பெயர் ‘மசாலே’. கீரைக்குப் பெயர் ‘முரும்’; வாயில் வைத்ததும் தெரிந்தது, முருங்கை. துவையலுக்குப் பெயர் ‘ருகாய்’; நம் ஊறுகாயிலிருந்து வந்தது. பீர்க்கங்காய் இங்கே ‘பிப்பங்காய்’.

இந்தத் தீவில் 1848 டிசம்பர் 20-ஆம் நாள் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முன்பே சிலர் வந்திருந்தாலும், பெருங்கூட்டமாக நம் மக்கள் வந்தது அதன்பிறகுதான். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், ஆனால் இங்கே அவர்களுக்கு வைத்த பெயர் ‘மலபார்’. பதிவேட்டில் எழுதிய ஆளின் பெயரே பிறகு குடும்பப் பெயராகிவிட்டது. கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பார்க்கலாம். கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது. பேச்சு மட்டும் பிரெஞ்சும் கிரெயோலும்.

எங்கள் வழிகாட்டியின் குடும்பப் பெயரும் ஒரு ‘சாமி’யில்தான் முடிந்தது. சாப்பிட்டு முடித்ததும், கடைக்காரரிடம் பேனா வாங்கி, ரசீதின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

“என் பெயரை உங்கள் எழுத்தில் எழுதித் தர முடியுமா? நான் பார்த்ததில்லை.”

எழுதினேன். ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் கேட்டார். ‘ழ’ இல்லையே என்று சிரித்தார். அந்த எழுத்தைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருக்கிறாராம். தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, காகிதத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “உங்கள் மகள் தமிழ் படிக்கிறாளா?”

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மகளுக்கு அடுத்து ஒன்றாம் வகுப்பு. தமிழ்ப்பள்ளியா, சீனப்பள்ளியா என்று எங்கள் வீட்டில் ஆறு மாதமாகப் பேச்சு. தமிழ்ப்பள்ளி வீட்டிலிருந்து இருபது நிமிடம். சீனப்பள்ளி நடக்கும் தூரம். பேச்சு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சலிப்பில் முடியும். “இனிமேல்தான்,” என்றேன்.

மீதி இறக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே. தலைக்கு மேல் வளர்ந்த கரும்பு, இருபுறமும் செம்மண் பாதை, தூரத்தில் நீலக்கோடாகக் கடல். சிக்கலே இல்லாத பாதை. பிரேக்கை விட்டுவிட்டுப் பறந்தோம். வெட்டுக்கால் வயலொன்றைக் கடக்கும்போது காய்ந்த தோகையின் வாசம் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர் என் கொள்ளுத்தாத்தா. அன்று வேறொரு துறைமுகத்தில் வேறொரு கப்பலில் ஏறியிருந்தால், ரசீதை நீட்டியவனாக நான் இருந்திருப்பேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சான் போல் கறுப்பு மணலில் சைக்கிளைச் சாய்த்தோம். காலையில் நடுங்கிய உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. வழிகாட்டி எல்லோருக்கும் கை கொடுத்தார். என் மணிக்கட்டைப் பார்த்துத் தோளைத் தட்டினார்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: “இருபது நிமிஷம் ஒண்ணும் தூரமில்லங்க. காலையில நான் கொண்டுபோய் விடறேன்.”

எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

காலம்: மே முதல் நவம்பர் வரை. டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம். 2007 பிப்ரவரியில் இத்தீவின் மலைப்பகுதி ஒன்றில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சிங்கப்பூரில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 2,100. மாயிடோ அமைந்த மேற்குச் சரிவு, காற்றின் மறைவில் இருப்பதால் ஓரளவு உலர்ந்தது.

பயணம்: ரீயூனியன் பிரான்சுக்குச் சொந்தமானாலும் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. விசா விதிகளைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாகனங்கள் வலப்புறம் செல்லும்.

சைக்கிள்: மேற்குக் கடற்கரை ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும், உச்சிவரை வேனில் கொண்டுபோய் விடுவார்கள். புதியவர்களுக்கு எளிய பாதைகளும் உண்டு. முகத்தையும் மூடும் ஹெல்மெட், முழங்கால், முழங்கைக் காப்புகள், முழுக் கையுறை கட்டாயம். குளிருக்கும் வெயிலுக்கும் சேர்த்து உடை எடுங்கள். பயணக் காப்புறுதி மலைச் சைக்கிளுக்கும் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கடல்: சுறா ஆபத்து உண்டு. பவளத்திட்டு அணைத்த ஆழமற்ற பகுதியிலும் காவலர் உள்ள இடங்களிலும் மட்டுமே நீந்துங்கள்.

முக்கியமாக, கிளம்பும் முன் முன் பிரேக் எந்தக் கையில் என்று இரண்டு முறை சோதித்துப் பாருங்கள்.