பாசி படிந்த தொட்டியும் பிச்சாவரத்து வாய்க்காலும்

"தம்பி, தொட்டி திரும்பவும் பச்சையா போயிடுச்சுடா. மீனே தெரியல."

2011ல் அந்த மாணவனுக்கு வாரா வாரம் கடலூரிலிருந்து வந்த போன் இது. அவன் படித்தது சிதம்பரம் அண்ணாமலை நகரில். தொட்டி இருந்ததோ கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு ஹாலில். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 190 லிட்டர். உள்ளே காய்ந்த பாறைகள், மணல், 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வந்த மாதிரி ஒரு ஜோடி கோமாளி மீன். பவளம் மட்டும் இல்லை. நம் கடலில் இருந்து பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது தெரிந்ததால் ஆசையை அடக்கிக்கொண்டான்.

சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறிவிடுவான். பு.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியில் இறங்குவான். பழைய டூத் பிரஷ்ஷால் பாறை பாறையாகத் தேய்ப்பான். ஞாயிறு இரவு தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் மறுபடியும் தலைமுடி மாதிரி பச்சைப் பாசி!

சரி, பாசி ஏன் வருகிறது? வெளிச்சமும் சாப்பாடும் இருந்தால் வரும். வெளிச்சத்தை நாமே போடுகிறோம். சாப்பாட்டையும் நாமேதான் போடுகிறோம், ஆனால் அது நமக்குத் தெரிவதில்லை. மீன் தின்றதின் கழிவும் தின்னாமல் விட்டதும் அழுகி அம்மோனியா ஆகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். சாதாரண தொட்டியில் கதை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். தீவனத்தில் உள்ள பாஸ்பேட்டும் மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியும். தேய்த்து விட்ட பாசியை வெளியே எடுக்காமல் தண்ணீரிலேயே மிதக்க விட்டால் அதுவும் அழுகி, அடுத்த பாசிக்கு உரம்.

டெஸ்ட் கிட் வாங்கிச் சொட்டு விட்டுப் பார்த்தான். நைட்ரேட் 50 என்று நிறம் காட்டியது. 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 40. இன்னொரு தடவை மாற்றினால் 32. மூன்றாவது தடவை 25.6. அதுவும் இடையில் எதுவும் சேராமல் இருந்தால், போடும் புதுத் தண்ணீரும் சுத்தமாக இருந்தால்! அவனோ தேவனாம்பட்டினம் கடற்கரையில் கேனில் பிடித்து வந்தான். பக்கத்திலேயே கெடிலம் கடலில் கலக்கிறது. ஐப்பசி மழை தொடங்கினால் வயலின் உரமும் ஊரின் சாக்கடையும் ஆற்றோடு வந்து சேரும். அந்தத் தண்ணீரில் உப்பும் குறைவு, பாசிக்கு விருந்தும் அதிகம்.

இன்னொரு காரணமும் வெளியே வந்தது.

"எப்பப் பார்த்தாலும் வாயைத் திறந்து திறந்து மூடுதுடா. பசிக்குது போல. பாவமா இருக்கு, அதான் கொஞ்சம் போட்டேன்."

அம்மாவின் 'கொஞ்சம்' என்பது காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. மீன் வாயைத் திறந்து மூடுவது சுவாசிக்க என்று சொன்னால், "எனக்குப் படிச்சுக் காட்டாத" என்று பதில் வரும். பிள்ளை ஹாஸ்டலில் என்ன சாப்பிடுகிறானோ என்ற கவலையெல்லாம் அந்தத் தொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது என்பது அவனுக்கு அப்போது புரியவில்லை.

அது பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம். ஒரு நாள் இரவு நீண்ட நேரம் கரண்ட் வரவில்லை. காலையில் ஜோடியில் ஒன்று மணல்மேல் கிடந்தது. அம்மா போனில் அதைச் சொல்லவே ரொம்ப நேரம் ஆனது.

30 டிகிரி சூட்டில் கடல்நீர் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இருட்டில் தானும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பாறைக்குப் பின்னால் தேங்கிய சகதியில் இருக்கும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்ளும். பம்ப் நின்றதும் மேல்மட்டம் அசையாமல் போய், காற்றிலிருந்து புதிதாக ஆக்சிஜன் கலப்பதும் குறைந்துவிடும். மீனைக் கொன்றது மின்வெட்டு மட்டும் இல்லை.

அந்தச் சோகத்தில் இருந்தவனைத்தான் விவசாயம் படிக்கும் அறைத்தோழன் பிச்சாவரத்துக்கு இழுத்துப் போனான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அங்கே வளரும் தில்லை மரத்தால்தான். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்திருக்கிறார்கள். மரம் போனதும் வெயில் பட்டு மண் காய்ந்து, தரை அமுங்கித் தொட்டி மாதிரி பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எந்தச் செடியும் முளைக்காத தரிசானது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். அலையேற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, வற்றத்தில் வெளியே போனது. உப்பு குறைந்தது. நட்ட கண்டல் பிழைத்தது.

"மண்ணைக் கழுவலடா, தண்ணிக்கு வழி விட்டாங்க. அவ்ளோதான்" என்றான் தோழன்.

அன்று வீட்டுக்குப் போனவன் பிரஷ்ஷைத் தொடவில்லை. கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த பாறைகளை முன்னால் தள்ளி, பின்னால் தண்ணீர் ஓட இடம் விட்டான். அங்கே இருந்த சகதியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தான். ஒரே திசையில் பீய்ச்சிக்கொண்டிருந்த பம்ப்பைத் திருப்பி வைத்து, எதிர்மூலையில் இன்னொன்று போட்டான். தொட்டியின் தண்ணீர் மணிக்கு 20 தடவையாவது சுழல வேண்டும் என்பது ரீஃப் தொட்டிக்காரர்களின் பொதுக்கணக்கு. பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, உப்பங்கழிகளில் சாதாரணமாக வளரும் நூல்பாசியான கீட்டோமார்ஃபாவை வளர்த்தான். அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று வளரும், வாரம் ஒரு கைப்பிடி பிடுங்கி வெளியே போட்டால் அத்தனை உரமும் தொட்டியை விட்டு வெளியே போன கணக்கு. முள்ளை முள்ளால் எடுப்பது மாதிரி! அம்மாவிடம் ஒரு சின்ன ஸ்பூன் கொடுத்தான். "ஒரு நாளைக்கு இது ஒண்ணுதாம்மா." மழைக்காலத்தில் கெடிலக்கரைத் தண்ணீரையும் நிறுத்தினான். இரண்டு மாதத்தில் பாறை தெரிந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து, கரண்ட் வரப் பல நாள் ஆனது. போனும் கிடைக்கவில்லை. சாய்ந்த மரங்களுக்கு நடுவே ஒருவழியாக அவன் வீடு வந்து சேர்ந்தபோது ஓட்டில் பாதி இல்லை. அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மீன் உயிரோடு இருந்தது.

"தீனி எதுவும் போடலடா. நீதானே சொன்ன?"

இது ஒரு ஹாலுக்குள் நடந்த கதை மட்டும் இல்லை. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடலே பச்சையானது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின, பவளங்களும் பாதிக்கப்பட்டன. கடலை எந்த பிரஷ்ஷாலும் தேய்க்க முடியாது.

தொட்டியோ கடலோ, பாசி என்பது ஒரு கணக்குப் புத்தகம். உள்ளே எவ்வளவு போனது, அதில் எவ்வளவு வெளியே வரவில்லை என்பதை அது பச்சை மையில் எழுதிக் காட்டுகிறது. எழுத்தை அழித்தால் கடன் தீராது.

அந்த ஸ்பூன் ரொம்ப நாள் தொட்டி மேலேயே இருந்தது. அம்மா அதில் கோபுரமாக அள்ளுவார் என்பது வேறு விஷயம் :-)