அப்பாவின் குரலும் ஒரு டிவிடி ரெக்கார்டரும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் 12 வருடங்களுக்குப் பிறகு அப்பாவின் குரல் கேட்டது. அப்பா காலமாகி 21 வருடம் ஆகிறது. அந்தக் குரல் எப்படிக் காணாமல் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் தொலைத்தது நான்தான். என் தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றும் பாக்கி இருக்கிறது.

2008-ஆம் வருடம். எங்கள் வீட்டில் நான்கு வீடியோ கேசட்டுகள் இருந்தன. மகனின் காதுகுத்து, தம்பியின் கல்யாணம் (1992), நாங்கள் வீடு கட்டிக் குடிபோனது, எங்கள் பள்ளியின் 1996 ஆண்டு விழா. போட்டுப் பார்க்க ஒரு விசிஆர். என் வீட்டுக்காரரின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதற்கு வயதாகிவிட்டது. படத்தில் கோடு கோடாக ஓடும். சில நேரம் டேப்பை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே விடாது. கேசட்டுகளிலும் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு டிவிடி பிளேயர் வந்துவிட்டது. கேசட்டை டிவிடியாக மாற்றிவிட்டால் எல்லோர் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தம்பியும் தன் கல்யாணக் கேசட்டை என்னிடம் கொடுத்து, "அக்கா, இதையும் சேர்த்து மாத்திரு" என்றான்.

கடையில் கொடுத்தால் ஒரு கேசட்டுக்கு 150 ரூபாய் கேட்டார்கள். நான்குக்கும் 600 ரூபாயில் வேலை முடிந்திருக்கும். ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் அப்படி ஒரு கடையில் மகள் கல்யாணக் கேசட்டைக் கொடுத்தார். திரும்பி வந்த டிவிடியில் யார் வீட்டு வளைகாப்போ ஓடியது. அவருடைய கேசட் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அப்பா இருக்கும் கேசட்டை அப்படிக் கையை விட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் அப்பாவின் குரல் பதிவானது அந்த ஒரே கேசட்டில்தான். மேடையில் அட்சதை போட்டுவிட்டுக் கீழே இறங்கும் அப்பா, வீடியோ எடுக்கும் பையனைப் பார்த்துச் சொல்வார்: "தம்பி, நீ முதல்ல போய்ச் சாப்பிட்டு வாப்பா. கல்யாணம் எங்கயும் ஓடிப் போகாது." அவ்வளவுதான். பத்து வினாடி கூட இருக்காது.

"கம்ப்யூட்டர்லயே ஒரு கார்டு போட்டு மாத்திரலாம்மா" என்றான் மகன். அவன் அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான், கம்ப்யூட்டரும் அவனோடு இருந்தது. லீவுக்கு வந்தால் தூங்கவே அவனுக்கு நேரம் சரியாக இருக்கும். அதனால் வீட்டிலேயே ஒரு டிவிடி ரெக்கார்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன். டிவியில் வரும் நல்ல நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்ற ஆசையும் இருந்தது. வீட்டுக்காரருக்கு கிரிக்கெட் ஆசை. சீட்டு எடுத்த பணம் 10,000 ரூபாய் கையில் இருந்தது.

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் போனோம். வெறுங்கையோடு போகவில்லை. பழைய விசிஆரை ஒரு ஒயர் கூடையில் வைத்து, காதுகுத்துக் கேசட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "டீச்சரம்மா, மாப்பிள்ளைய நேர்ல வச்சே பொண்ணு பார்க்க வந்திருக்கீங்க" என்றார். என் கேசட்டை, என் விசிஆரில் ஓட்டி, அவர் மெஷினில் பத்து நிமிடம் பதிவு செய்து காட்டினால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். இதில் மட்டும் நான் கெட்டிக்காரிதான்.

அன்று கடையில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மெஷினின் முன்பக்கமோ பின்பக்கமோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. அதில் 'இன்' என்று போட்டிருக்க வேண்டும். வெறும் 'அவுட்' மட்டும் இருந்தால் அது சாதாரண பிளேயர், பதிவு செய்யாது. அடுத்தது டிஸ்க். ஒரே ஒரு முறை எழுதுவது ஒரு வகை, அழித்து அழித்து எழுதுவது இன்னொரு வகை. அதிலும் மைனஸ், பிளஸ் என்று இரண்டு சாதி. எந்த மெஷின் எதை ஏற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். 8,500 ரூபாய் மெஷின் நேராக டிஸ்க்கில் எழுதும். ஏறத்தாழ இரண்டு மடங்கு விலையில் இன்னொன்று இருந்தது. அதற்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் உண்டு. முதலில் அதில் பதிந்துகொண்டு, தப்பு இருந்தால் வெட்டிவிட்டு, பிறகு டிஸ்க்குக்கு மாற்றலாம். கையில் இருந்ததே 10,000. சின்ன மெஷினை வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தில் 25 டிஸ்க்குகளும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வசதிக்கு அது போதும். தப்பு அதற்குப் பிறகு நடந்தது.

2008-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். கேசட் ஓட ஓடத்தான் டிஸ்க்கில் ஏறும், வேகமாக ஓட்டி முடிக்க முடியாது. காதுகுத்துக் கேசட் பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷின் அல்லவா, அதுவரை எழுதியதும் போச்சு, அந்த டிஸ்க்கும் வீண். மறுநாள் போட்டோம். இன்னொரு டிஸ்க் போனது. ஆண்டு விழாவுக்கு ஒன்று போனது. ஒரு டிஸ்க் 20 ரூபாய்தான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. வாத்தியார் வீட்டுச் சிக்கனம் உங்களுக்குத் தெரியுமே! உபயோகித்த சாக்பீஸ் துண்டுகளை டப்பாவில் சேர்த்து வைத்த டீச்சர் நான்.

கல்யாணக் கேசட்டின் முறை வந்தபோது ரிமோட்டில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். ஒரே டிஸ்க்கில் ஒரு மணி நேரமும் பதியலாம், இரண்டு மணி நேரமும் பதியலாம், நான்கும் ஆறும்கூடப் பதியலாம். கல்யாணம் மூன்று மணி நேரம், புது வீடு குடிபோனது இரண்டு மணி நேரம். ஆறு மணி நேரம் என்று வைத்தால் இரண்டும் ஒரே டிஸ்க்கில் முடிந்துவிடும். அப்படியே வைத்தேன். 20 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது கூடாது. ஒரு கரண்டி மாவில் ஒரு தோசை ஊற்றினால் தோசையாக இருக்கும். அதே மாவில் ஆறு தோசை ஊற்றினால் தோசைக்கல்தான் தெரியும். இரண்டு மணி நேர அளவில் பதிந்த ஆண்டு விழாவில் பிள்ளைகளின் முகம் பளிச்சென்று தெரிகிறது. ஆறு மணி நேர அளவில் பதிந்த கல்யாணத்தில் யாராவது அசைந்தால் போதும், முகம் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது. எங்கள் பழைய 14 இஞ்ச் டிவியில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. பதிந்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' என்று ஒரு வேலை செய்ய வேண்டும். புத்தகம் எழுதி முடித்துக் கடைசியில் பொருளடக்கம் போடுவது மாதிரி. அது இல்லாவிட்டால் எழுதிய மெஷின் மட்டும் படிக்கும், வேறு பிளேயரில் போட்டால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். ஆண்டு விழாவுக்கும் காதுகுத்துக்கும் மகன் பொங்கல் லீவில் வந்து அதைச் செய்து கொடுத்தான். கல்யாண டிஸ்க்கில் இன்னும் ஒரு மணி நேரம் இடம் மிச்சம் இருந்தது. ஃபைனலைஸ் செய்துவிட்டால் அதற்கு மேல் எதுவும் பதிய முடியாது. "இருக்கட்டும்டா, ஏதாவது விசேஷம் வந்தா அதையும் இதுலயே சேர்த்துக்கலாம்" என்றேன். அந்த விசேஷம் வரவே இல்லை.

2011-ல் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைச் சுத்தம் செய்தபோது, எல்லாம்தான் டிவிடியில் இருக்கிறதே என்று கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். தம்பியின் கேசட்டும் அதில் போனது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2012-ல் ஒரு நாள் கரண்ட் வந்து வந்து போனது. அத்தோடு ரெக்கார்டர் அணைந்துவிட்டது. கல்யாண டிஸ்க்கைத் தம்பி வீட்டுப் பிளேயரில் போட்டோம். டிஸ்க் இல்லை என்றது. பக்கத்து வீட்டில், மகன் கம்ப்யூட்டரில், கடையில் என்று எங்கே போட்டாலும் அதே பதில்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. "விடுக்கா, அந்தக் காலத்துக் கேசட் தானே" என்றான். அவன் மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் கல்யாணத்தை, எங்கள் அப்பாவின் ஒரே குரலை, எடைக்குப் போட்டவள் நான். ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திதி அன்று தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

போன மாதம் ஒரு துணிக்கடையில் என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த ஒருவனைப் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். இப்போது டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "மெஷின் இருக்கா டீச்சர்? தூக்கிப் போட்ரலையே?" என்றான். நல்லவேளை, அதை மட்டும் போடவில்லை. 8,500 ரூபாய் ஆயிற்றே என்று துணி சுற்றி வைத்திருந்தேன். என் சிக்கனம் ஒரு முறையாவது நல்லது செய்தது.

அவன் திறந்து பார்த்தான். பவர் சப்ளை போர்டில் இரண்டு கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தன. மாற்றினான். மெஷினுக்கு உயிர் வந்தது. நான் உடனே, "ஃபைனலைஸ் பண்ணிருப்பா" என்றேன். அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். "அவசரப்படாதீங்க டீச்சர். பழைய டிஸ்க். ஃபைனலைஸ் பண்றப்ப சிக்கிக்கிச்சுன்னா எல்லாமே போயிரும். முதல்ல ஓடவிட்டு கம்ப்யூட்டர்ல பிடிச்சுக்குவோம், அப்புறம் அதைப் பண்ணலாம்." பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு என்னிடம் குட்டு வாங்கியவன், அன்று எனக்குப் பாடம் நடத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தை வரச் சொல்லிப் போட்டுக் காட்டினேன். படம் மோசம்தான். பெரிய டிவியில் இன்னும் மோசம். "என் முகூர்த்தப் புடவையில ஜரிகை எது, துணி எதுன்னே தெரியல மதினி" என்று தம்பி மனைவி சிரித்தாள். அப்பா மேடையிலிருந்து இறங்கினார். முகம் சரியாகத் தெரியவில்லை, வெறும் கட்டம் கட்டமாக. ஆனால் குரல் கெடவே இல்லை. "நீ முதல்ல போய்ச் சாப்பிட்டு வாப்பா..." தம்பி அதை நான்கு முறை திருப்பிப் போட்டான். நான்காவது முறை எழுந்து வெளியே போய்விட்டான்.

தம்பி, அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை, இங்கே கேட்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் பொருளைத் தூக்கிப் போட்டது என் தப்பு. அக்காவை மன்னித்துவிடு. பேரப் பிள்ளைகள் பார்க்க அப்பாவின் முகத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. குரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிள்ளைகளே, இப்போது யாரும் டிவிடி ரெக்கார்டர் வாங்கப் போவதில்லை. ஆனாலும் டீச்சர் பாடம் எடுக்காமல் விடமாட்டேன்.

மெஷின் விலை குறைந்ததாக இருக்கலாம். அதில் எதைப் பதிகிறோமோ அதற்குக் குறைந்த தரம் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். முக்கியமானதை டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்படியே போகும். ஒரு பிரதி எடுத்தால் அதை வேறொரு கம்ப்யூட்டரில், வேறொருவர் வீட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால்தான் அது பிரதி. அப்படிப் பார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள். எப்போதும் இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். இன்னொருவர் பொருளாக இருந்தால் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. 1996 ஆண்டு விழா டிஸ்க் நன்றாக இருக்கிறது. இரண்டு மணி நேர அளவில் பதிந்தது, முகமெல்லாம் தெளிவு. கட்டபொம்மன் வேஷம் போட்டு வசனத்தை மறந்துவிட்டு, மேடையிலேயே "டீச்சர், அடுத்து என்ன?" என்று கேட்டவன் யார் என்று அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவன் இதைப் படித்தால் அவனே வந்து ஒப்புக்கொள்ளட்டும். வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன். சுருக்காமல்தான்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்