குடும்ப ஜெபத்தில் ஓர் இடம்

பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மாலை ஏழு மணி கடந்ததும் கிறிஸ்தவ வீடுகளின் முன்னறைகளில் குடும்ப ஜெபம் தொடங்குகிறது. ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், ஒரு ஜெபம் என்னும் ஒழுங்கு தலைமுறைகளாக மாறாதது. பாட்டை எடுப்பவர் யார், வாசிப்பவர் யார், ஜெபிப்பவர் யார் என்பதும் பெரும்பாலான வீடுகளில் எழுதப்படாத சட்டம். இங்கே பேசப்படும் வீட்டில் பாட்டை எடுப்பவர் மருமகள், வாசிப்பவர் மகன், ஜெபிப்பவர் எழுபதைக் கடந்த தாய். ஒன்பது வயதுப் பேத்தியின் பணி கண்களை மூடி அமர்ந்திருப்பது. நான்கு வயதுப் பேரனிடம் அதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை.

அந்த மகன் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர். சில ஆண்டுகள் சபை ஊழியம் செய்தபின் இந்தியத் தரைப்படையில் சமய ஆசிரியராகச் சேர்ந்தவர். ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப்பணிக்காக அவருடைய படைப்பிரிவு தென் சூடானுக்குச் சென்றபோது அவரும் உடன் சென்றார். ஓராண்டுப் பணி. அந்த ஓராண்டில் அவ்வீட்டின் முன்னறையில் நிகழ்ந்த மாற்றம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. எனினும் அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட எல்லைப்புற வரலாறு இருக்கிறது.

இந்தியத் தரைப்படையில் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாத்ரே, பௌத்தத் துறவி எனச் சமய ஆசிரியர்கள் நியமிக்கப்படுகின்றனர். பாத்ரே பதவிக்கு விண்ணப்பிப்பவர் உரிய திருச்சபை அதிகாரத்தால் குருத்துவம் பெற்றவராகவும், தம் பேராயரின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ளவராகவும் இருத்தல் வேண்டும். பணியில் சேரும்போதே நாயிப் சுபேதார் நிலை. படைவீரர்களின் வாயில் 'பாத்ரே சாகிப்'. ஆட்சேர்ப்பு அறிவிக்கை அவர்தம் கடமைகளை வரிசைப்படுத்துகிறது: வீரர்களுக்குச் சமய நூல்களைப் போதித்தல், படைப்பிரிவின் வழிபாட்டிடங்களில் சடங்குகளை நடத்துதல், இறுதிச் சடங்குகளில் பங்கேற்றல், மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்தித்தல், உடல்நலம் தேறிவருவோருடன் ஜெபம் வாசித்தல், தண்டனை அனுபவிக்கும் வீரர்களைச் சென்று காணுதல், குழந்தைகளுக்குச் சமயக் கல்வி அளித்தல். அப்பட்டியல் அதிகாரிகள், வீரர்கள், அவர்தம் குடும்பங்கள் ஆகியோர்மீது தனிக் கவனம் செலுத்துதல் என்பதோடு முடிகிறது.

குடும்பங்கள் என்னும் அச்சொல்லில் பாத்ரேயின் குடும்பம் அடங்குமா என்பதை எந்த அறிவிக்கையும் விளக்குவதில்லை. வீரன் ஒருவன் வீட்டை நினைத்துக் கலங்கினால் பாத்ரே சாகிப்பிடம் வரலாம். பாத்ரே சாகிப் கலங்கினால் செல்வதற்கு ஓர் இடம் வேண்டும். அவர் வீட்டார் கலங்கினாலும் அவ்வாறே.

இக்கேள்வி எல்லாத் திருச்சபைகளிலும் ஒரே வடிவில் எழுவதில்லை. நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இலத்தீன் கத்தோலிக்கர் மிகுதி. 1996இல் நெய்யாற்றின்கரை தனி மறைமாவட்டமும் ஆயிற்று. அவர்களுடைய குருக்கள் மணத்துறவு பூண்டவர்கள். ஆகவே படைக்குச் செல்லும் ஆயரின் மனைவி, பிள்ளைகள் என்னும் சிக்கல் தென்னிந்தியத் திருச்சபை போன்ற சபைகளுக்கு உரியது. அச்சபைகளில் ஆயரின் மனைவிக்கு ஓர் இடம் உண்டு, பெயரும் உண்டு. எல்லைக்கு இப்பால் அவர் கொச்சம்மை. அப்பால், களியக்காவிளையைக் கடந்தால், ஐயரம்மா. பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, அறுப்பின் பண்டிகை, அதையொட்டிய அசனம் என எல்லாவற்றிலும் அவருக்கு வேலை இருக்கும். வேலை மட்டுமன்று, ஆளும் பேச்சும் இருக்கும். நோய் வந்தால் சபையார் கஞ்சி கொண்டுவருவர். குறை சொல்பவர்களும் அவர்களே, ஆயினும் வருவர்.

பட்டாளப் பாத்ரேயின் மனைவிக்குச் சபை இல்லை. கணவர் அமைதிக்கால முகாமில் இருந்தால் குடும்பக் குடியிருப்பு கிடைக்கும். அங்கே பிற வீரர்களின் மனைவியரோடு ஒரு வாழ்வு அமையும். களப்பகுதிக்கோ கடல் கடந்தோ சென்றால் குடும்பம் ஊர் திரும்பும். ஊரில் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான்காம் வரிசைப் பெஞ்சில் அமரும் உறுப்பினர் மட்டுமே. மேடையில் இருப்பவர் வேறோர் ஆயர், கொச்சம்மையும் வேறொருவர். மரியாதைக்காக அவரையும் அப்பெயரால் அழைப்பவர்கள் உண்டு. அப்படி அழைக்கப்படும்போது அவர் புன்னகை செய்வார். பதில் சொல்வதற்கு முன் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை திரும்பியும் பார்ப்பார்.

அந்த ஓராண்டில் அவர் தனியே செய்தவற்றைப் பட்டியலிடுவது எளிது. ரப்பர் வெட்டுபவருடன் கூலி பேசியது, மழைக்கால ஓட்டுக்கூரையைச் சரிசெய்தது, மகனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஆட்டோ பிடித்தது, மாமியாரின் கண்புரைக்காகத் திருவனந்தபுரம் பாங்கோடு இராணுவ மருத்துவமனைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் அலைந்தது. இவை எல்லாப் பட்டாளக்காரர் மனைவியரும் செய்பவை. பாத்ரேயின் மனைவிக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. அவர் அஞ்சுவதைப் பிறர் எதிர்பார்ப்பதில்லை. கணவர் ஆயுதம் ஏந்துபவர் அல்லர், கடவுளின் ஊழியர், ஆகவே அவருக்கு ஒன்றும் நேராது என்று ஊர் அவருக்கே ஆறுதல் சொல்லும். அவர் பிறருக்கு விசுவாசம் ஊட்ட வேண்டியவர் என்பதால் தம் அச்சத்தை எங்கும் வைக்க இயலாது.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. தென் சூடான் விடுதலை பெற்ற 2011 ஜூலை 9 அன்றே அங்கு ஐ.நா. பணி தொடங்கியது, இந்தியப் படைப்பிரிவுகள் ஜோங்லேய், மேல் நைல் பகுதிகளில் பணியாற்றியுள்ளன. 2013 ஏப்ரலில் ஐந்து இந்திய வீரர்களும், உள்நாட்டுப் போர் வெடித்த அதே ஆண்டு டிசம்பரில் அகோபோ முகாமில் இருவரும் அங்கே கொல்லப்பட்டனர். இதுவரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஐ.நா. அமைதிப்பணிகளில் பங்கேற்றுள்ளனர், 160க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். மருமகள் இந்த எண்களைக் கைப்பேசியில் ஒருமுறை தேடிப் படித்தார். மாமியாரிடம் சொல்லவில்லை. மாமியாரோ செய்தித்தாளில் வந்த ஆப்பிரிக்கச் செய்தி ஒன்றை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். அவரும் சொல்லவில்லை.

இங்கே மாலை ஏழரை என்றால் அங்கே பிற்பகல் நான்கு மணி. இணைப்புக் கிடைக்கும் நாள்களில் அந்நேரத்தில் அழைப்பு வரும். தொடக்கத்தில் அவர் கைப்பேசி வழியாகவே வேதபாகத்தை வாசித்தார். பாதியில் படம் உறையும், குரல் அறுபடும், மீண்டும் வரும்போது இரண்டு வசனங்கள் கடந்திருக்கும். சில வாரங்களில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அழைப்பு வேறு, ஜெபம் வேறு என்றாயிற்று. அப்போதுதான் வாசிப்பவர் இடம் காலியாக இருப்பது தெரிந்தது.

அவ்வீட்டு வேதாகமம் தமிழில் அமைந்தது. மாமியார் மார்த்தாண்டத்திற்கு அருகில் பிறந்து தமிழில் படித்தவர். ஆனால் கண்புரை அவரை எழுத்துகளிலிருந்து விலக்கிவிட்டது. மருமகள் நெய்யாற்றின்கரைக்கு வடக்கே வளர்ந்தவர். தமிழ் பேசுவார், பாடுவார், தடையின்றி வாசிக்க வராது. பேத்தி மலையாளவழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. நால்வர் இருக்கும் வீட்டில் தமிழ் எழுத்து ஒரே ஒருவருடைய கண்களை நம்பி இருந்தது. அக்கண்கள் நைல் நதிக்கரைக்குச் சென்றிருந்தன.

இந்நிலை ஒரு குடும்பத்தின் கவனக்குறைவால் வந்ததன்று. இலண்டன் மிஷன் சங்கம் தென் திருவிதாங்கூரின் நாகர்கோவில், நெய்யூர் பகுதிகளில் தமிழிலும், திருவனந்தபுரம், கொல்லம் பகுதிகளில் பெரும்பாலும் மலையாளத்திலும் பணிசெய்தது. 1845இல் ஜான் ஆப்ஸ் பொறுப்பேற்ற பாறசாலை மிஷன் களம் இவ்விரண்டுக்கும் நடுவே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959இல் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டாயிற்று. மாநிலத்தைப் பிரித்த கோட்டின் வழியே சபையும் பிரிந்தது. பள்ளி, அலுவலகம், பேருந்துப் பலகை என ஒவ்வொன்றாக மலையாளத்திற்கு மாறிய பின்னும் வீட்டு ஜெபத்தில் தமிழ் தங்கியிருந்தது.

மொழிப் பேணலையும் மொழி மாற்றத்தையும் ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன், ஒரு மொழி எந்தெந்த வாழ்வுக் களங்களில் வழங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். குடும்பமும் சமயமும் அக்களங்களில் முதன்மையானவை. குடும்ப ஜெபத்தில் இவ்விரு களங்களும் ஒன்றாகின்றன. ஆகவே அது வலிமையான அரண் என்று கருதத் தோன்றும். எந்தக் களமும் ஆள்களால் ஆனது என்பதைக் கள ஆய்வு படிவங்கள் எளிதில் காட்டுவதில்லை. "வீட்டில் ஜெபம் எம்மொழியில்?" என்ற கேள்விக்கு அவ்வீட்டார் தயங்காமல் "தமிழ்" என்றே விடையளித்திருப்பர். அவ்விடையைத் தாங்கியிருந்தவர் ஒருவரே என்பது அவர் விமானம் ஏறிய பிறகே புலப்பட்டது.

ஒரு மாலை பேத்தி தன் ஓய்வுநாள் பள்ளியின் மலையாள வேதாகமத்தை எடுத்து வந்து வாசித்தாள். பிழையின்றி, பள்ளிப் பாடம் ஒப்பிக்கும் வேகத்தில் வாசித்தாள். பாட்டி இறுதிவரை கேட்டார். ஜெபம் முடிந்த பின், "நல்லா வாசிச்ச மக்கா" என்றார். இரவு மருமகளிடம், "அவளைக் குறை சொல்லாதே, வாசிக்க ஆள் இருக்கே" என்றும் சொன்னார். மருமகளுக்கு அச்சொற்கள் ஆறுதலாகவும் குற்றச்சாட்டாகவும் ஒருசேர ஒலித்தன. கணவரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்து, சொல்லாமல் விட்டார். போர்முனையில் இருப்பவரிடம் சொல்லத்தக்க துயரம் அன்று இது என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் பாட்டி தமக்கு மனப்பாடமான சங்கீதங்களைச் சொல்லத் தொடங்கினார். பேத்தி அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். தமிழ்ச் சொற்கள், மலையாள எழுத்துகள். எல்லைப்புற வீடுகளுக்கு இது புதிதன்று. தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் குறித்துவைத்துப் பாடுவோர் அங்கு உண்டு. எனினும் அக்குழந்தைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு முடிவாக இருந்தது. தமிழில் ஒரே ககரம், மலையாளத்தில் நான்கு. 'எங்கள்' என்று எழுத வந்தபோது அவள் கை நின்றது. மலையாளத்தில் அவ்விடத்தில் மூக்கொலியே இரட்டித்து வரும். பாட்டியின் வாயிலோ மூக்கொலியை அடுத்துத் தெளிவான ககரம் ஒலித்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி" என்றாள். பாட்டி சொன்னார். அவள் கேட்டபடியே எழுதினாள். தமிழ் நெடுங்கணக்கு வேறுபடுத்தாத ஒலிகளையும் வேறுபடுத்திக் காட்டும் அந்த நோட்டுப் புத்தகம், அறியாமலே, ஒரு கிழவியின் உச்சரிப்பை எந்த அச்சு நூலைவிடவும் துல்லியமாகப் பதிந்துவைத்திருக்கிறது.

தொலைவில் இருந்தவருக்கும் மொழி இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. முகாமின் ஆராதனை இந்தியிலும் ஆங்கிலத்திலும். வீரர்களுள் வடகிழக்கினர், ஜார்க்கண்டினர், மலையாளிகள் உண்டு. எல்லாச் சமயத்தாரும் கூடும் பொது வழிபாட்டிடத்தில் பண்டிதருடன் நின்று அவரும் இந்தியில் ஜெபிப்பார். நாள் முழுவதும் அவர் தமிழ் பேசியது மாலை அழைப்பின் பத்து நிமிடங்களில் மட்டுமே. ஒருமுறை தாயிடம் உடல்நலம் விசாரிக்கையில் சொல் வராமல் 'தபியத்' என்றார். தாய் அதைக் கோவில் பெயர் என்று எண்ணி, அங்கே ஆராதனை எப்படி என்று கேட்டார். இருவரும் சிரித்தனர். அழைப்பு முடிந்தபின் அவர் சிரித்திருக்கமாட்டார் என்று மனைவி அறிவார்.

பணி முடிந்து அவர் திரும்பியபோது கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் ரப்பர் மரங்களுக்கிடையே தொங்கிக்கொண்டிருந்தன. முதல் மாலை ஜெபத்திற்கு மருமகள் பழைய தமிழ் வேதாகமத்தை அவர் முன் வைத்தார். பேத்தி தன் மலையாள வேதாகமத்தை மடியில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். தன் இடம் திரும்பப் பெறப்படுமோ என்னும் பார்வை அது. அவர் சற்றே தயங்கி, "மோளே, நீ வாசி" என்றார். அவள் வாசித்தாள். பிறகு பாட்டி நோட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். அவர் வாங்கிப் புரட்டினார். மலையாள எழுத்தில் தம் தாயின் குரல் இருந்தது. அதைத் தமிழாக உரக்க வாசித்தபோது இரண்டு இடங்களில் நிறுத்தினார். எழுத்துப் புரியாமல் அன்று.

விடுப்பு முடியும்வரை அவ்வீட்டில் இரு வாசிப்புகள் நடந்தன. நாள்தோறும் ஜெபத்திற்குப் பின் அரைமணி நேரம் அவர் மகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்பித்தார். மெய்யெழுத்துகள் முடிவதற்குள் அடுத்த பணியிட ஆணை வந்துவிட்டது. எஞ்சிய எழுத்துகளை இப்போது மருமகள், தாமும் கற்றுக்கொண்டே, மகளுக்குக் கற்பிக்கிறார். மாலை ஏழரைக்கு அழைப்பு வரும்போது சில நாள்களில் அவர்கள் எடுப்பதற்குத் தாமதமாகிறது. பாடம் நடந்துகொண்டிருக்கிறது.