எங்கிட்டுப் போறீக?

மதுரை காளவாசலில் தேனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், எந்தத் திசைக்காரர் என்று சொல்லிவிடலாம். ‘எங்கிட்டுப் போறீக?’ என்றால் உசிலம்பட்டி, சிவகங்கை, நம்ம மதுரைப் பக்கம். ‘எங்க போறிய?’ என்று இழுத்தால் திருநெல்வேலி. ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் ‘எங்கீங்ணா போறீங்?’ என்பார். கேள்வி ஒன்றுதான். கேட்கிற மரியாதை ஊருக்கு ஊர் வேறு ஓசையில் வருகிறது.

எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு ஊர் இருந்தது. அப்பா செக்கானூரணிப் பக்கம், அம்மா திருநெல்வேலி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பது அப்பத்தாவுக்கு ‘வெஞ்சனம்’, அம்மாவுக்குத் ‘தொடுகறி’. ‘இன்னைக்கு என்ன வெஞ்சனம்?’ என்று திண்ணையிலிருந்து குரல் வரும். ‘தொடுகறி ஒண்ணும் வைக்கல, அப்பளந்தான் அத்தை’ என்று அடுப்படியிலிருந்து பதில் போகும். அவர்களுக்குள் எத்தனையோ மனத்தாங்கல் இருந்திருக்கலாம், ஆனால் ஒருவர் சொல்லை மற்றவர் திருத்தி நான் கேட்டதே இல்லை.

திருத்தியது பள்ளிக்கூடம். கட்டுரை நோட்டில் ‘அம்புட்டு’ என்று எழுதியதற்கு ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, ‘கொச்சை’ என்று எழுதியிருந்தார். கட்டுரைக்குப் பொதுத்தமிழ் வேண்டும் என்பது சரி. ஆனால் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, ‘உங்க வீட்ல இப்படித்தான் பேசுவாங்களா?’ என்று கேட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆமாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசினார்கள். நான் தெருவில் ஓடும்போதெல்லாம் அப்பத்தா, ‘பையப் போடா’ என்பாள். அந்தப் ‘பைய’ திருக்குறளின் 1098ஆவது குறளில் இருக்கிறது, மெல்ல என்ற அதே பொருளில். குறளைப் படித்தவர்கள் ‘மெல்ல’ என்று சொல்லிக் கொடுத்தார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவி குறளின் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பத்தா என்றதும் பாட்டிமார் எல்லோரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். அப்பாவைப் பெற்றவள் எங்களுக்கு அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி. தஞ்சாவூர்ப் பக்கம் அப்பாயி, அம்மாயி. கொங்கு நாட்டில் அம்முச்சி. யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா. திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி, காரைக்குடிச் செட்டிநாட்டில் மணமான பெண்களையெல்லாம் மரியாதையாக ஆச்சி என்பார்கள். அம்மாவோடு முதல்முறை காரைக்குடிக்குப் போனபோது, இளவயதுப் பெண்ணை ‘ஆச்சி’ என்று ஒருவர் கூப்பிட, அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

இந்த வேறுபாடு நமக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்து சின்னத் தீவு. அங்கே ஒருவருக்கு மேற்பட்டவர்களை ‘நீங்கள்’ என்று சொல்ல டப்ளின்காரர் ‘யூஸ்’ என்பார், தெற்கே கார்க் நகரத்தார் ‘யீ’ என்பார். இன்றைய பொது ஆங்கிலம் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல்லோடு நின்றுவிட, அவர்களுடைய பழைய ஐரிஷ் மொழியில் இரண்டும் தனித்தனியாக இருந்தன. அந்தப் பிரிவைப் புதிய மொழிக்குள்ளும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். நம்முடைய நீங்க, நீக எல்லாம் அந்தச் சாதிதான்.

காளவாசல் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல், சுண்ணாம்பு சுடுகிற இடத்துக்குத் தென்பக்கத்தில் காளவாசல் என்று பெயர். வடக்கே அதுவே சூளை. சென்னையில் சூளை என்றொரு பேட்டை, மதுரையில் காளவாசல். 2020இல் இங்கே மேம்பாலமும் வந்துவிட்டது, நெருப்பின் தடயம் எதுவும் இல்லை. பெயர் மட்டும் பஸ் பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சினிமா நம் பேச்சை ஊரெங்கும் கொண்டுபோனது. மதுரைக்காரரான வடிவேலு பேசிப் பேசி, சென்னைப் பிள்ளைகள்கூட ‘அலப்பறை’, ‘சலம்பல்’ என்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ‘காதல்’ (2004), ‘சுப்பிரமணியபுரம்’ (2008) படங்களுக்குப் பிறகு வந்த பலவற்றில் ‘ஏய்’ என்று கத்துகிறவன் கையில் அருவாளும் சேர்ந்தே வந்தது. மனசு நோகிறது. ‘அண்ணே, சாப்டீகளா?’ என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பதும் இந்தப் பேச்சுதான். ‘வெள்ளன வந்துரு, ஒனக்காகப் பாத்துக்கிருப்பேன்’ என்று அத்தை போனில் சொல்வதும் இதுதான். கோபத்தைவிடப் பாசத்துக்குத்தான் எங்களிடம் சொற்கள் அதிகம்.

பேச்சுச் சொற்களைத் தாழ்வாக நினைக்காதவர்கள் நமக்கு வாய்த்தார்கள். இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களுக்கு 1982இல் அகராதி கொண்டுவந்தார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கும் அகராதி செய்தார்கள். தொல்காப்பியர் ‘திசைச்சொல்’ என்று தனியே ஓரிடம் கொடுத்துவைத்ததன் தொடர்ச்சியாகவே இவர்களைப் பார்க்கிறேன். பல்கலைக்கழகத் துறைகள் செய்ய வேண்டியதைத் தனி ஆட்கள் காடுகரையில் அலைந்து செய்தார்கள்.

என் மகள் ‘அங்கிட்டு’ என்பதில்லை, ‘அந்த சைடு’ என்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் காதில் விழுவது அதுதான். எனவே, படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எழுபது வயசுக்கு மேல் ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லும் சொல்லை, அது வந்த வாக்கியத்தோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எதையும் திருத்தாமல் எழுதுங்கள்.