செங்கல்லும் ஊரும்

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்று ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். பட்டணத்து மனை விலையைக் கேட்டு மலைத்துப் போன நண்பர் ஒருவருடன் அங்கே இடம் பார்க்கச் சென்றிருந்தேன். "காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்பதுதான் தரகரிடம் அவர் கேட்ட முதற் கேள்வி. இடம் அமையவில்லை, ஆனால் அரிக்கமேட்டைத் தரிசிக்கும் பாக்கியம் அமைந்தது.

ஆற்றங்கரையில், தோப்பு நிழலில் இருக்கிறது அந்த மேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்து, ரோமாபுரியோடு வியாபாரம் நடத்திய துறைமுகம் ஒன்றை உலகுக்குக் காட்டினார். சுமார் 150 அடி நீளமுள்ள செங்கற் பண்டகசாலையின் அடித்தளமும் அங்கே வெளிப்பட்டது. யோசித்துப் பார்த்தால், செங்கல் என்பதே ஓரிடத்தில் வார்த்துச் சுட்டு வேறோரிடத்தில் அடுக்கும் சரக்குத்தானே! அன்று சுவரின் துண்டு வண்டியேறி வந்தது. இன்று சுவரே வருகிறது.

ஆனால் அது எளிதில் வந்துவிடவில்லை. தேசப் பிரிவினைக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், டில்லியில் அரசாங்கம் ஒரு வீட்டுத் தொழிற்சாலையை ஏற்படுத்திற்று. அதில் முதலில் வார்த்த சுவர்ப் பலகைகள் உறுதியாக அமையவில்லை. பின்னர் 1953-இல் அது இந்துஸ்தான் ஹவுசிங் பாக்டரி என்னும் கம்பெனியாயிற்று.

அந்தக் கனவு பலித்ததைக் காணவேண்டுமானால் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று, சென்னையின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்தில் இறங்கவேண்டும். 2021 ஜனவரி 1-இல் அடிக்கல்; 2022 மே 26-இல் திறப்பு விழா. தூணும் உத்தரமும் தளமும் தனித்தனியே வார்க்கப்பட்டு, பாரந்தூக்கி எடுத்து வைக்க, 1,152 வீடுகள் எழுந்துவிட்டன. மெச்சத்தக்க காரியம், சந்தேகமில்லை.

ஆயினும் அதே பெரும்பாக்கத்தின் மற்ற அடுக்கு வீடுகளில், நகரத்து ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வசிக்கின்றன. வீடு இங்கே, பிழைப்போ பல மைல்களுக்கு அப்பால். நகரத்தில் வீட்டு வேலை செய்யும் தாய், குழந்தை கண் விழிக்குமுன் பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

அரிக்கமேட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஆறும் கப்பலும் மணி செய்யும் பட்டறையும் வாசலிலேயே இருந்தன. அந்தப் பிழைப்பு போன பின்பு, பிற்காலத்தார் சுவர்களைப் பெயர்த்துச் செங்கற்களை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அவர்கள் தோண்டிய பள்ளங்களையும் அகழ்ந்தவர்கள் கண்டார்கள். தொழில் இல்லாத இடத்தில் செங்கல் மட்டும் ஊராகிவிடுமா?

சுவரை வார்க்க நமக்கு அச்சுக் கிடைத்துவிட்டது. அதை எந்த நிலத்தில் நிறுத்துவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. நண்பர் கேட்ட முதற் கேள்வியையே, வீடு கட்டித் தருகிறவர்களும் முதலில் கேட்பார்களானால் எவ்வளவோ நலமாயிருக்கும்.